ஆட்டு மணிக்குப் புல் அடைத்த ஊர்

விசித்தாசியோன் என்ற பேரை முழுசாகச் சொல்ல எங்கள் மலையில் எவனுக்கும் பொறுமை கிடையாது. விசி, அவ்வளவுதான். வருஷா வருஷம் அக்டோபரில் வேன் ஏறி, கீழே கடலோரத்தில் இருக்கும் அல்மெரியாவுக்கு இறங்குவாள். பிளாஸ்டிக் போர்த்திய தோட்டங்களில் விளையும் குடைமிளகாயைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அந்தக் கொட்டகைப் புழுக்கத்தில் அவளுக்கு மூச்சு முட்டும். வெயில் காலம் வந்தால்தான் வீடு.

இந்த வருஷம் போவதில்லை என்று முடிவு கட்டினாள். மாமனார் விட்டுப்போன கோவேறு கழுதைக் கொட்டிலுக்குச் சுண்ணாம்படித்து, கட்டில் போட்டு, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடத் துணிந்தாள். கூடிவந்தால் மலையிலேயே இருக்கலாம். இல்லையென்றால் மறுபடி வேன்தான்.

மதுக்கடையில் ஒரே சிரிப்பு.

"ஏன் விசி, காலையில வந்தவங்களுக்குக் கொள்ளு வைப்பியா?" என்றார் ஆடு மேய்க்கும் எவுஃப்ராசியோ.

"உங்களுக்கும் சேத்து வைக்கிறேன் அண்ணே. மெல்லப் பல்லு இருக்கா?"

தலைநகர் மாத்ரித்திலிருந்து பெகோன்யா என்றொரு பெண் போனில் கூப்பிட்டாள். புருஷனோடு ஒரு வாரம் தங்கவேண்டும், அமைதியாக இருக்குமா என்று கேட்டாள். "சத்தியமா இருக்கும்" என்று விசி சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் ஊர்ச் சத்தமெல்லாம் ஞாபகம் வந்தது. கோயில் மணி ஒவ்வொரு மணி நேரத்தையும் இரண்டு தடவை அடிக்கும். விடியும்போது ஆட்டு மந்தை அந்த ஜன்னலுக்குக் கீழேதான் போகும். எதிர்வீட்டு எர்மீனியாவின் சேவல் வேறு.

வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"மணி அடிக்கலன்னா சாமிக்கு நேரம் எப்படித் தெரியும்?" என்றார் கோயில் வேலை பார்க்கும் லவுரெயானோ.

"சாமிக்கு என்ன, பஸ்ஸா பிடிக்கணும்? ஒரு வாரம் நாக்கைக் கட்டி வைங்க அண்ணே."

சிரித்தார்களே தவிர, அவள் வேன் ஏறுவதைப் பார்க்க ஒருத்தருக்கும் மனசில்லை. மணியின் நாக்கில் சாக்கைச் சுற்றினார்கள். சேவல் நிலவறைக்குப் போனது. எவுஃப்ராசியோ ஒவ்வொரு ஆட்டின் கழுத்து மணிக்குள்ளும் புல்லைத் திணித்தார். தெருவுக்குத் தெரு கத்திப் பேசுகிற பெண்கள், வெளியூர்த் தலை தெரிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்கள்.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கினார்கள். ஞாயிறு காலை விசி ரொட்டி கொண்டுபோனபோது அவர்கள் பெட்டிகள் கார் பக்கத்தில் நின்றன.

"கோவிச்சுக்காதீங்க," என்றாள் பெகோன்யா. "ரெண்டு ராத்திரியா கண்ணே மூடல. எங்களைப் பாத்தா எல்லாரும் ஓடி ஒளியுறாங்க. நேத்து விடியக்காலம் அத்தனை ஆடு, ஒரு சத்தமில்லாம ஜன்னலுக்குக் கீழ போகுது, ஆவி மாதிரி. இவரு பயந்துட்டாரு."

"பயப்படல. யோசிச்சேன்," என்றான் அவள் புருஷன் கோன்சாலோ.

விசி ரொட்டியைக் கார் மேல் வைத்தாள். "நான்தாங்க எல்லாத்தையும் அடக்கச் சொன்னேன். நீங்க அமைதி கேட்டீங்களே!"

"அய்யோ! எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல பஸ் டிப்போ. அது இல்லாம இருந்தா போதும்னுதான் கேட்டேன். ஆட்டு மணியையா நிறுத்தச் சொன்னேன்?"

விசி மொட்டைமாடிக்கு ஏறிக் கையைக் குவித்துக் கத்தினாள்.

"லவுரெயானோ அண்ணே! அவுத்து விடுங்க! எல்லாத்தையும் அவுத்து விடுங்க!"

ஊரே அதற்குத்தான் காத்திருந்ததுபோல. லவுரெயானோ மணி பார்க்கவில்லை, கல்யாணத்துக்கு அடிக்கிற அடி அடித்தார். எவுஃப்ராசியோ புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி எறிய, மந்தை சந்து முழுக்க மணியடித்துக்கொண்டு ஏறியது. வெளியே வந்த சேவலுக்கு இரண்டு நாள் கூவல் பாக்கி இருந்தது. எர்மீனியா பூண்டும் மிளகாயும் போட்டு வறுத்த ரொட்டித் தூளைச் சட்டியோடு தூக்கி வந்து, "சாப்பிடாம எங்கடி கிளம்புற?" என்று பெகோன்யாவை உட்கார வைத்தாள்.

கோன்சாலோ பெட்டிகளை உள்ளே எடுத்துப்போனான். பெகோன்யா மணிச்சத்தத்தை போனில் பிடித்துத் தன் அக்காவுக்கும் கூட வேலை பார்ப்பவர்களுக்கும் அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் ஈஸ்டர் வரைக்கும் அறைக்கு ஆள் வந்துவிட்டது.

மறுநாள் அல்மெரியா வேன் சதுக்கத்தில் நின்று ஹாரன் அடித்தது.

"விசி, ஏறு! நேரமாச்சு!" என்றான் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி.

விசி மாடியில் விரிப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "நான் வரல. இனிமே எப்பவும் வரல. அந்த இடத்துல பெட்டியை வச்சுக்க, காலு நீட்டிட்டுப் போ!"

வேன் காலி இருக்கையோடு இறங்கியது. அவள் அடுத்த விரிப்பை உதறி விரித்தாள்.