லெப்டொப்பில் செய்த குரவை

சத்தங்களைச் செய்யும் அந்த மென்பொருளைப் பற்றி உலகத்து இசைக்காரர்கள் இரண்டு கட்சி. வாங்குவதற்கு முன்னால் அவர்கள் எழுதி வைத்திருந்த அபிப்பிராயங்களை ஒரு கிழமை உட்கார்ந்து வாசித்தேன். இதற்கு ஈடு இல்லை, இதில் செய்ய முடியாத சத்தமே கிடையாது என்றது ஒரு கட்சி. கையேட்டை வாசித்து முடிப்பதற்குள் மூன்று பாட்டு முடித்திருப்பேன், தலைவலிதான் மிச்சம் என்றது மற்றது. இரண்டாவது கட்சியை வாசிக்க வாசிக்கத்தான் எனக்கு ஆசை கூடியது. கஷ்டம் என்று யாராவது சொல்லிவிட்டால் ஒரு கை பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. குணம் அப்படி.

நான் மருதமுனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிறேன். என் கணவர் படகு எஞ்சின் திருத்துகிறவர், றபான் என்கிற தோல் வாத்தியமும் அடிப்பார். அவருடைய சாச்சா மகன் சாய்ந்தமருதில் இருக்கிறார், இஸ்லாமிய கீதம் பாடுவதில் கொஞ்சம் பேர் உள்ளவர், எனக்கு அவர் காக்கா, அண்ணன் முறை. காரைதீவிலிருந்து ஓர் அண்ணன் கீபோர்ட் வாசிக்க வருவார். பதிவெல்லாம் எங்கள் வீட்டு முன்னறையில் நடக்கும். கொம்பியூட்டர் என்னுடையது என்பதால் பட்டனை அமத்துவதும், பாட்டுக்கு நடுவில் விழும் இருமலை வெட்டி எடுப்பதும் என் வேலை. நாலு பேரில் மூன்று பேர் கலைஞர்கள், நான் டீச்சர். அது எனக்கு உள்ளுக்குள் சுட்டுக்கொண்டே இருந்தது.

கீபோர்டில் புல்லாங்குழல் என்று அமத்தினால் புல்லாங்குழல் வந்துவிடும். நான் வாங்கிய இந்தச் சின்தசைசர் மென்பொருளைத் திறந்தால் திரையில் வெறும் பலகைதான். இரைச்சலை ஓரிடத்தில் எடுத்து, அதை வடிகட்டும் பெட்டிக்கு ஒரு கோடு இழுத்து, அதன் அளவைக் கூட்டிக் குறைக்க வேறொரு பெட்டியைக் கொளுவ வேண்டும். எல்லாம் திரையில் வரையும் வயர்கள். ஒரு கோடு பிழைத்தால் நாள் முழுக்கத் தட்டினாலும் மூச்சு வராது. அண்ணன் முதல் நாள் பார்த்துவிட்டு, “டீச்சர், இது வாத்தியமா, கரண்ட் போர்டா?” என்றார். அடித்தொனி நல்ல ஆழம் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் விரல் வைத்ததும் வாசிக்க முடியாத சாமானை மேடைக்குக் கொண்டுபோக முடியாது என்பது அவர் கட்சி. என் கணவர் அதில் நான் செய்த றபான் சத்தத்தைக் கேட்டார். தோல் சரி, வட்டம் சரி, கைதான் இல்லை என்றார். இரண்டு நாள் அவரோடு நான் சரியாகக் கதைக்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் காக்காவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை வாசலில் இறங்கும்போது ஒலிக்க ஒரு பாட்டைக் காக்கா தானே எழுதினார். பின்னணியை நான் தனியாகச் செய்து தருகிறேன் என்று வாய்விட்டுக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். பிடிக்காவிட்டால் அண்ணனின் கீபோர்டை வைத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். அதுவும் நியாயம்தான். இதிலும் தோற்றால் அந்த மென்பொருளை அழித்துவிட்டு இருமல் வெட்டுவதோடு இருந்துவிடுவது என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

பாட்டின் நடுவில் குரவை வேண்டும் என்றார் காக்கா. எங்கள் பக்கத்துக் கலியாணத்தில் மாப்பிள்ளை வரும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடாவிட்டால் வீடு நிறையாது. அதில் என் மூத்த சகோதரியை, ராத்தாவை, மிஞ்ச ஆளில்லை. யாரைக் கூப்பிட மறந்தாலும் ராத்தாவைக் கூப்பிட மறந்த கலியாணம் இல்லை. பதிவுக்கு வந்து குரவை போடச் சொல்லிப் போய்க் கேட்டேன்.

“என்ட சத்தம் கலியாண வீட்டுக்குள்ள பொம்புளைகளுக்க கேக்குற சத்தம், புள்ள. கண்ட கண்ட ஆக்கள்ற போனுக்குள்ள கிடந்து கத்துறதுக்கில்ல” என்றா ராத்தா.

அதில் நான் வாதாடவில்லை. அவவுக்கு அது மானப் பிரச்சினை. இணையத்தில் எங்கேயாவது ஒரு குரவையை எடுத்துப் போடுவோம் என்றார் அண்ணன். அது வேறு ஊர்க் குரவை. எங்கள் ஊர் வாசலில் அதைப் போட்டால் குமரிப் பெண்களே சிரிப்பார்கள். அப்போதுதான் அந்த இரண்டாவது கட்சிக்காரர்களின் பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது. இதில் ஆயத்தச் சத்தம் எதுவுமே இல்லை என்று திட்டியிருந்தார்கள். யாரிடமும் இல்லாத ஒரு சத்தம் வேண்டியவளுக்கு அது குறையே இல்லை.

அந்த மாதம் நாலு கலியாணத்துக்குப் போனேன். போனை அணைத்துப் பையில் வைத்துவிட்டுப் பெண்கள் பக்கம் ராத்தாவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவ குரவை போடும்போது பெருவிரல் நகத்தால் என் உள்ளங்கையில் தட்டித் தட்டி வேகத்தைப் பிடித்தேன். தொடக்கத்தில் நாக்கு மெதுவாக இருக்கிறது, நடுவில் வேகம் பிடிக்கிறது, மூச்சு முடியப்போகும்போது சத்தம் மெலிந்து மேலே ஏறுகிறது. வீட்டுக்கு வந்து திரையிலேயே செய்த ஒரு மூச்சிரைச்சலையும் குரல் மாதிரி ஒரு தொனியையும் கலந்து, அதை நாக்கு மறிப்பதுபோல் திறந்து மூடவிட்டேன். முதலில் வந்தது தையல் மெசின். பிறகு வந்தது தவளை. என் கணவர் கதவோரம் நின்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனது அதைவிடக் கேவலமாக இருந்தது.

நாக்கின் ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் பிசகவிடச் சொல்லலாம், எவ்வளவு பிசக என்றும் சொல்லலாம். அதுதான் அந்த மென்பொருளின் பெரிய பலம். அதைப் பிடித்த பிறகு தவளை மனுசியானது. ஒரு மனுசியை ஏழாக்கினேன். ஒருத்தி இளம் பெண், ஒருத்திக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, ஒருத்தி கொஞ்சம் பிந்தித் தொடங்குகிறா. ஏழாவது ஆள் வந்ததும் லெப்டொப் சூடேறி இறுகிப்போய்விடும், செய்ததெல்லாம் போய்விடும். சேமிக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற டீச்சர் மூன்று தரம் சேமிக்காமல் இழந்தேன். அந்தப் பலவீனத்தையும் எழுதியே ஆக வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மூன்று பேரும் கேட்க உட்கார்ந்தார்கள். பின்னணியில் நான் செய்திருந்த வயலின் பொய் என்றார் அண்ணன். ஓம், பொய்தான், எடுத்துவிட்டேன். புல்லாங்குழலுக்கு மூச்சு வாங்கத் தெரியவில்லை என்றார் காக்கா. அதையும் எடுத்தேன். இப்படி ஒவ்வொன்றாக உரிந்துகொண்டு போக, எனக்குக் கோபத்தில் காது சூடேறியது. கடைசியில் காக்கா குரவையை மட்டும் திருப்பிப் போடச் சொன்னார். இரண்டு தரம் கேட்டார். இந்தப் பாட்டில் உயிருள்ள சாமான் இது ஒன்றுதான் என்றார். பிறகு முகம் மாறிவிட்டது.

“ராத்தா வேணாமெண்டு சொன்னவதானே? அவக்குத் தெரியாம போன்ல புடிச்ச நீயா, தங்கச்சி?”

ராத்தா மட்டுமில்லை, யாருமே இல்லை என்றேன். நம்பவில்லை. திரையைத் திருப்பி, ஏழு பேரையும் ஒவ்வொருவராக நிறுத்திக் காட்டினேன். தொண்டை கட்டியவளை இளம் பெண்ணாக்கிக் காட்டினேன். அண்ணன் கதிரையை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார். என் கணவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார், எங்கள் வீட்டில் அது பெரிய பட்டம். பெருமையில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் காக்கா சிரிக்கவில்லை. நானே ஏமாந்தேன், ஊர் ஏமாறாதா, ராத்தாதான் பதிவுக்குப் போய்க் குரவை போட்டாவாம் என்று நாளைக்குக் கதை வராதா என்று கேட்டார். அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. ராத்தா கேட்கட்டும், அவ சம்மதித்தால் வைப்போம், இல்லையென்றால் குரவை இல்லை, அண்ணனின் கீபோர்டோடு போவோம் என்று முடித்தார். அப்படியானால் பாட்டில் என் சத்தம் ஒன்றுகூட மிஞ்சாது.

அடுத்த நாள் காலையில் ராத்தா குசினிப் பக்கம் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கை ஈரம் என்பதால் நானே அவவின் காதில் இயர்போனைச் செருகினேன். கேட்டா. கத்தி நின்றது. எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன், நாலு கலியாணத்தில் பின்னால் இருந்து நகத்தால் எண்ணியதையும் சேர்த்து.

“அப்ப என்னக் கேக்காம என்ட நாக்க எண்ணியிருக்காய்” என்றா. பேச்சு வாங்கப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். அவ இன்னொரு தரம் போடச் சொன்னா. “இது நானில்ல. ஆரும் கேட்டா நானே சொல்லுவன், போடு. ஆனா புள்ள, இதுல பிழை ஒண்டு இரிக்கி. ஏழு பேரும் ஒண்டா முடிக்காளுகள். அப்பிடி முடிச்சா மத்தவள் எங்கால புடிப்பாள்? ஒருத்தி நீட்டிக்கிட்டு நிக்கோணும், அவள்ற மூச்சு முடியிறதுக்குள்ள அடுத்தவள் எடுக்கோணும்.”

மூன்று இசைக்காரர்கள் இரண்டு தரம் கேட்டும் பிடிக்காத பிழை அது. அவர்கள் குரவையை வாழ்நாள் முழுக்க ஆண்கள் பக்கம் இருந்து கேட்டவர்கள். நான் பெண்கள் பக்கம் இருந்தும் தொடக்கத்தைத்தான் எண்ணினேன், முடிவை எண்ணவில்லை. அன்றைக்கே ஆறு பேரை முன்பின்னாக நிறுத்தி, ஏழாவது ஆளின் மூச்சைத் தனியே நீட்டிவிட்டேன். போடு என்று ராத்தா சொன்னதாகக் காக்காவுக்கும் அறிவித்தேன்.

கலியாணத்தன்று மாப்பிள்ளை வாசலில் இறங்கப் பாட்டைப் போட்டார்கள். நான் உள்ளே பெண்களோடு நின்றேன். காக்காவின் குரல் முடிந்து ஸ்பீக்கரில் குரவை எழும்பியது. ஆறு பேர் ஓய்ந்தார்கள். ஏழாவது ஆள் தனியாக நீட்டிக்கொண்டு நின்றா, மூச்சு மெலிந்து மேலே ஏறியது. எனக்குப் பக்கத்தில் ராத்தா முந்தானையை வாயருகே பிடித்து அதை அப்படியே எடுத்தா. ராத்தா எடுத்ததும் வீட்டுக்குள் நின்ற பெண்கள் அத்தனை பேரும் எடுத்தார்கள். காக்கா பாடுபட்டு எழுதிய அடுத்த சரணம் ஒரு சொல்கூட யாருக்கும் கேட்கவில்லை. பிறகு அவரே அதைச் சிரித்துச் சிரித்து ஊரெல்லாம் சொன்னார்.

எனக்குக் குரவை போட வராது. சின்ன வயதிலிருந்து முயன்றும் நாக்கு சுழலாது, வெறும் காற்றுத்தான் வரும். எத்தனையோ கலியாணத்தில் வாயைப் பொத்திக்கொண்டு போடுகிற மாதிரி நடித்திருக்கிறேன். அன்றைக்கு நடிக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். அந்த வீட்டில் குரவையைத் தொடங்கிவைத்தவள் நான்.