பிறிஜெற்றக்காவுக்கு முகர்ந்து சொன்னது

அந்தக் கோப்பையைப் பார்த்து மூன்று வருடம் நான் மனதுக்குள் அழுதிருக்கிறேன்.

கொழும்பு ஏழில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் வீட்டில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பிறிஜெற்றக்கா அங்கே சமையலுக்கு இருந்தார். காலை பத்து மணிக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றுவார். எனக்கு மட்டும் தனிக் கேத்தல், தனிக் கோப்பை. கோப்பையின் பிடியில் நீல நூல் கட்டியிருக்கும். நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்து டவுன் கடைகளில் எங்கள் ஆட்களுக்கென்று தனிக் கிளாஸ் வைத்திருந்த காலத்தை அம்மா சொல்லியிருக்கிறாள். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் டிரைவர் ஹமீட் நானா தன் பிளாஸ்க்கிலிருந்த தேநீரை ஊற்ற அந்தக் கோப்பையை எடுக்கப் போனார். பிறிஜெற்றக்கா அவர் கையில் கரண்டியால் ஒன்று போட்டார்.

"அதில தொடாதேங்கோ. இந்தக் குசினியில மாடும் பண்டியும் படாத பாத்திரம் அது ஒண்டுதான். மயில் சைவம். அவளுக்கெண்டு என்ர காசில வாங்கி வச்சிருக்கிறன்."

"அப்ப எனக்கும் ஒரு நூல் கட்டுங்களேன் பிறிஜெற்."

"உங்களுக்குத்தான் வீட்டில இருந்து பிளாஸ்க்கே வருகுது. மனுசியிட தேத்தண்ணியை அதின்ர மூடியில குடியுங்கோ. கசக்காது."

மயில் என்பது நான்தான். விளக்குமாற்றோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். அன்றைக்கு அந்தத் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த வீட்டு மெடம் அமெரிக்காவின் தெற்குப் பக்கத்து ஊர்க்காரி. அவருடைய ஊரில் பெரிய நாள் வந்தால் ஒரு பலகாரம் சுடுவார்களாம். வெண்ணெயில் பிசைந்த மாவைத் தட்டில் பரப்பி, அதற்குள் பருப்பும் சொக்லேற் துண்டுகளும் தூவி, முட்டையும் பாகும் அடித்து ஊற்றி ஓவனில் வைப்பது. பாகிலே மூன்று மேசைக்கரண்டி பேர்பன் கலப்பார்கள். பேர்பன் என்றால் சோளத்தில் வடித்து மரப் பீப்பாயில் கிடத்தி வைக்கும் விஸ்கி. 'பை' என்று அதற்குப் பெயர். மெடத்தின் ஊர்ப் பருப்பு இங்கே கிடைக்கவில்லை. அதனால் பிறிஜெற்றக்கா கஜு என்கிற முந்திரியைப் போட்டார். அந்த ஊர்ப் பாகும் தீர்ந்துபோனது. கித்துள் பனையில் காய்ச்சும் பாணி ஊற்றினார். மெடம் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, இனி இப்படியே செய் என்றார். மெடத்தின் சின்ன மகள் ஹெட்டி பேபி தட்டை வழித்து நக்குவாள்.

அவர்கள் ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, போன வருடம் ஹெட்டி பேபியின் குரல் பிறிஜெற்றக்காவின் போனில் வந்தது. மெடம் காலமாகிவிட்டார். பாட்டியின் சமையல் புத்தகத்தைப் பார்த்துத் தானும் எத்தனையோ தடவை செய்துவிட்டாள், அம்மாவின் ருசி வரவேயில்லை. வேலை விஷயமாகக் கொழும்புக்கு வருகிறாள், இரண்டே நாள். ஒரே ஒரு தடவை செய்து தர முடியுமா?

"ஓம் பேபி, ஓம்" என்று சொல்லிவிட்டார் பிறிஜெற்றக்கா. அன்றைக்கே எனக்கும் போனில் சொன்னார்.

அதற்கு நாலு நாள் கழித்து நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மாதம் ஒரு ஞாயிறு வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போவது என் வழக்கம். படி ஏறும்போதே பால் அடிப்பிடித்த நாற்றம். உள்ளே ஓடினேன். அடுப்பில் பால் கறுத்துப் புகைகிறது. ஓரடி தள்ளி நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார் பிறிஜெற்றக்கா.

"அக்கா, பால்!"

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்கு மணம் இல்லை மயில். அந்தக் கொரோனாக் காய்ச்சலோட போனது. திரும்பி வரேல்லை. உப்பும் சீனியும் நாக்கில லேசாத் தெரியும், வேற ஒண்டும் இல்லை. ஒருத்தருக்கும் சொல்லாதை."

"அப்போ ஹெட்டி பேபிக்கு ஏன் ஓம்னு சொன்னீங்க?"

"தாயை இழந்த பிள்ளை கேட்டது. வாயில ஓம் எண்டுதான் வந்தது. அம்மான்ர ருசி இல்லாமல் அந்தப் பிள்ளை திரும்பிப் போச்செண்டா எனக்கு என்ன சமையல்?"

நான் அன்னதானச் சமையலுக்குக் கோயிலில் பதினாறு வருடமாக நிற்கிறேன். சுவாமிக்குப் படைக்கும் முன் ஒருத்தரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்புக் குறைந்தாலும் கூடினாலும் ஆவியிலே பிடிக்க வேண்டும். இது பிறிஜெற்றக்காவுக்குத் தெரியும். ஆனாலும் அவர் கேட்கவில்லை. கேட்காததன் காரணமும் எனக்குத் தெரியும். ஹெட்டி பேபி வரும் நாள் கந்தசஷ்டி ஐந்தாம் நாள். ஆறு நாளும் நான் பாலும் பழமும்தான். முட்டையும் சாராயமும் இருக்கிற குசினிப் பக்கம் தலை வைக்கமாட்டேன்.

மனதுக்குள் முருகனைக் கும்பிட்டுக்கொண்டு யோசித்தேன். நீல நூல்தான் கண்ணுக்குள் நின்றது.

"நான் மோந்து சொல்றேன் அக்கா. சாப்பிட மாட்டேன், தொட மாட்டேன். மோந்து பாக்குறது விரதத்துல சேராது."

"உன்ர முருகன் கோவிச்சால்?"

"கோவிச்சா நான் குளிச்சிட்டுப் போய்க் கேட்டுக்கிறேன். நீங்க மாவப் பாருங்க."

சஷ்டி ஐந்தாம் நாள் காலை. விடிய முன் பெய்த மழை விட்டிருந்தது. வெயில் ஏறினால் வெண்ணெய் உருகி மாவு கெட்டுவிடும் என்று பிறிஜெற்றக்கா மாவையும் அதைத் தேய்க்கிற உருளையையும்கூட இரவே பிரிட்ஜில் வைத்திருந்தார். நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஐந்து நாள் பட்டினியில் உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. மணங்கள் எல்லாம் தனித்தனியாக, வரிசையில் நிற்கும் ஆட்கள் போல, ஒவ்வொன்றாக என்னிடம் வந்தன.

முதலில் கஜு டின்னைத் திறந்தார். வறுத்து, நறுக்கி, ஆயத்தமாக வைத்திருந்தார்.

"அக்கா, இது வேணாம்."

"ஏன்?"

"பாண்டல் அடிக்குது. பழைய எண்ணெய் மாதிரி."

பிறிஜெற்றக்காவின் கை டின்னிலேயே நின்றுவிட்டது. "இதைத்தானே நான் போடப் போனனான்" என்றார். நான் சந்திக் கடைக்கு ஓடினேன். மூன்று கடை முகர்ந்து, நாலாவது கடையில் நல்ல கஜு வாங்கிவந்தேன். மூன்றாவது கடைக்காரர், "நோனா, வாங்கவா வந்தீங்க, மோப்பம் பிடிக்கவா?" என்றார்.

பிறகு பேர்பன். மெடம் போகும்போது விட்டுப்போன போத்தல், அடியில் மூன்று விரல் உயரம். அலுமாரியில் பைபிளுக்குப் பின்னால் பேப்பர் சுற்றி வைத்திருந்தார். மூடியைத் திறந்து எட்டவே பிடித்தார்.

"என்ன மணம்?"

"வார்னிஷ் அடிச்ச புதுத் தேர். கிட்டப் போனா கண்ணு எரியும்."

"அப்ப போத்தல் பழுதாகேல்லை. ஊத்துறன்."

ஓவன் கதவு மூடியது. குசினி சூடாகி, யன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தது. கீழே தெருவில் பாண் ரொட்டி விற்கிற ஓட்டோவின் பாட்டு வந்து தூரப் போனது. கண்ணை மூடினேன். நான் எங்கே இருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் தெரியவில்லை. எங்கேயோ கருவறை வாசலில் நிற்பதுபோல் இருந்தது.

"இப்ப?"

"நெய் உருக்குறாங்க."

"வெண்ணெய். சரி. இப்ப?"

"தேர் தூரப் போயிருச்சு. வார்னிஷ் இல்ல. மழையில நனைஞ்ச மரக்கதவு மாதிரி... அதுக்குள்ள யாரோ வெல்லம் காச்சுறாங்க."

"சாராயத்தின்ர காரம் போயிட்டுது. நல்லது." பிறிஜெற்றக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், டாக்டரின் முகத்தைப் பார்க்கிற மாதிரி. "இப்ப?"

நான் சட்டென்று கண் திறந்தேன். "திரி அணைஞ்ச வாடை வருது, ஓரத்துல."

"சொக்லேற் கருகப் போகுது!" பாய்ந்து சூட்டைக் குறைத்தார். மாவின் ஓரத்துக்கு வெள்ளித் தாள் சுற்றினார். "இப்ப?"

"போயிருச்சு."

"உண்மையாவோ? எனக்காகச் சொல்லாதை."

"விரதத்துல பொய் சொல்லுவேனா அக்கா?"

கடைசியாக யாகத்தில் நெற்பொரி போடும்போது வருமே, அந்த மணம் வந்தது. சொன்னேன். கதவைத் திறந்து தட்டை அசைத்துப் பார்த்தார். ஓரம் உறைந்து, நடு மட்டும் லேசாக ஆடியது. "இறக்குவம்" என்றார்.

பின்னேரம் ஹெட்டி பேபி வந்தாள். என்னையும் கட்டிப்பிடித்தாள். பிறிஜெற்றக்கா ஒரு துண்டு வெட்டி வைத்துவிட்டு, ஏப்ரனைக் கையில் சுருட்டியபடி நின்றார். அவள் ஒரு வாய் வைத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். நான் கந்தனைக் கூப்பிட்டேன்.

அவள் கண்ணைத் துடைக்காமலே இரண்டாவது வாய் வைத்தாள். மூன்றாவது. பிறகு, சின்னதில் செய்ததுபோலத் தட்டை விரலால் வழித்தாள். "அம்மா" என்று தமிழிலேயே சொன்னாள், நாங்கள் சொல்லிக்கொடுத்த சொல்.

பிறிஜெற்றக்காவின் கையைப் பிடித்து அவள் நன்றி சொல்ல வந்தபோது, அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி, மூக்கைத் தொட்டுக் காட்டினார். கையை விரித்தார். பிறகு என்னைக் காட்டினார். ஒருத்தருக்கும் சொல்லாதே என்று என்னிடம் சொன்னவர், தானே சொல்லிவிட்டார். ஹெட்டி பேபி ஒரு துண்டை என் பக்கம் நீட்டினாள். பிறிஜெற்றக்கா கையால் மறித்தார்.

"அவளுக்கு வேண்டாம் பேபி, விரதம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துச் சூடான பால் ஊற்றித் தந்தார். பிடியில் நீல நூல், வெளிறிப்போய்.

இந்தப் பங்குனியில் பிறிஜெற்றக்கா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்திய ஞாயிறுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. சஷ்டிக்குப் பிறகு எங்களுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. நான் போகிற இடத்து மணத்தைப் போனில் சொல்வேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அன்றைக்கும் பஸ் தரிப்பிடம் வரைக்கும் கூட வந்தார். பஸ் வந்தது. நான் ஏறி, யன்னலோரம் இருந்தேன். அவர் எட்டி என் கையைத் தட்டிச் சொன்னார்:

"கோயிலடியில இறங்கினதும் போன் எடு மயில். இண்டைக்கு என்ன மணமெண்டு சொல்லு. நான் பாத்துக்கொண்டிருப்பன்."