பருப்பு வேகாத தண்ணீர்

சோதனைக்குத் தண்ணீர் எடுக்க வந்தவரின் ஐஸ் பெட்டிக்குள் அயிரை மீன் இருந்தது. நாலைந்து காலி பாட்டில்கள், அவற்றுக்கு நடுவில் ஈரம் கசியும் ஒரு கறுப்புப் பை. மூடியைத் திறந்ததும் அலுவலக வராந்தா முழுக்கக் கவிச்சி பரவியது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "வர்ற வழியில உசுரோட கெடச்சுச்சு மேடம், விட மனசில்ல" என்றார். பிறகு அதே கையால் ஒரு பாட்டிலை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

அவர் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தின் ஆள். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போய்ச் சோதிப்பதற்காக நாங்கள் வரவழைத்திருந்தோம்.

நாங்கள் என்றால், திண்டுக்கல்லிலிருந்து சாணார்பட்டி போகும் சாலையில், மூடிப்போன நூல் மில்லின் கிடங்கை வாடகைக்குப் பிடித்து ஒரு பெண் பொறியாளர் நடத்தும் சிறிய கம்பெனி. சிரட்டைக் கரியை வாங்கி, அமிலத்தில் கழுவி, காற்றுப் புகாத உலையில் சுட்டு, கண்மை போல அரைத்துப் பேட்டரி செய்பவர்களுக்கு அனுப்புவது தொழில். லித்தியத்துக்குப் பதில் சோடியத்தில் ஓடும் பேட்டரிக்கு இந்தக் கறுப்புப் பொடி வேண்டும். அவளுக்கு வயது நாற்பதுக்குள். நான் பத்தொன்பது வருடம் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்துக்கு எழுதியவள். பக்கங்கள் குறைந்தபோது ஆட்களையும் குறைத்தார்கள். விண்ணப்பம், கடிதம், அறிக்கை எழுத ஒருத்தி வேண்டும் என்று அவள் கேட்டாள், வந்து சேர்ந்தேன். என்னை அக்கா என்பாள்.

வாரம் தவறாமல் யாராவது பார்க்க வருவார்கள். காரை விட்டு இறங்கியதும் அவளிடமே "சார் இல்லீங்களா?" என்று கேட்பவர்களும் உண்டு. பொடியை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, கை கழுவும் திரவத்தைப் பாதி பாட்டில் காலி செய்துவிட்டுப் போவார்கள். எல்லோருக்கும் அவள் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "எங்க தண்ணி ஒரு சொட்டு காம்பவுண்டத் தாண்டாது." கரியைக் கழுவிய அமிலத் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து, கறுப்பு பிளாஸ்டிக் விரித்த பெரிய பாத்திகளில் விடுவோம். வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும். அடியில் தங்கும் உப்பைச் சுரண்டி மூட்டை கட்டி, அதற்கென்று இருக்கும் கிடங்குக்கு அனுப்புவோம். அந்த வாக்கியத்தை அவள் முழுமையாக நம்பினாள். நானும் நம்பி, எத்தனையோ விண்ணப்பங்களில் எழுதினேன்.

அந்த வருடம் மழைக்குப் பிறகு பக்கத்துத் தோட்டக்கார அம்மா ஒரு மல்லிகைக் கிளையை ஒடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு ஏக்கரில் மல்லிகை, ஓரத்தில் கத்தரி. இலைகளின் விளிம்பெல்லாம் பழுப்பாகக் கருகியிருந்தது.

"இங்க பாரு தாயி. தீய வச்சுச் சுட்ட மாதிரி இருக்கு. ஒங் கம்பெனி வாரதுக்கு முந்தி இப்படி இல்ல. ஆடு வேற தொட்டியில வாய வச்சிட்டுத் தலைய ஒதறுது."

"அம்மா, எங்க தண்ணி ஒரு சொட்டுகூட வெளிய வராது. வேணும்னா உள்ள வந்து பாருங்க" என்றாள் அவள்.

"பாத்தா எனக்கு என்னத்தத் தெரியும்? மல்லியக் கேளு."

"சரிம்மா. கிணத்துத் தண்ணிய டெஸ்ட் குடுப்போம். எங்க தப்புன்னு வந்துச்சுன்னா அன்னைக்கே உலைய நிறுத்திடுறேன்."

"சொல்லிட்ட. நாலு பேரு கேட்டுக்கிட்டு நிக்கிறாக."

உண்மையிலேயே நின்றார்கள். முதல் பெரிய வாடிக்கையாளருக்கு அந்த மாதமே பொடி போயாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

ஆய்வுக்கூடத்துக்காரர் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லி ஒன்பதுக்கே வந்துவிட்டார். தோட்டக்கார அம்மா பூ மார்க்கெட்டிலிருந்து திரும்பியிருக்கவில்லை. உலையில் ஒரு சுற்று ஓடிக்கொண்டிருந்ததால் அவளாலும் அதை விட்டு நகர முடியவில்லை. நான்தான் கூடப் போனேன். மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் படியில் இறங்க வேண்டும். அவர் எட்டிப் பார்த்தார். பாசி, ஒரு செருப்பு, செத்த தவளை ஒன்று. காலி பாட்டிலைக் கிணற்றுக்கு மேலே நீட்டிப் பிடித்து, இடமும் நேரமும் பதியும்படி செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வந்து, நாங்கள் குடிக்கும் ஆர்.ஓ. குழாயில் பாட்டிலை நிரப்பி, மூடி, சீட்டு ஒட்டி, மீனுக்குப் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "மேடத்துக்கிட்ட கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க."

அவருக்குக் காபி கொடுத்தேன். கிணற்றில் எங்கள் உப்பு இல்லை என்பது எனக்கு நிச்சயம், எங்கே பிடித்தால் என்ன, நல்ல முடிவுதானே வரப்போகிறது என்று நினைத்தேன். மாவட்டப் பக்கத்தில் இருந்தபோது இதே காட்சியை வேறு எங்காவது கண்டிருந்தால் மூன்று பத்தி எழுதியிருப்பேன்.

அறிக்கை வந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள், நானும் போனேன். அந்த அம்மா இன்னும் மூன்று பெண்களோடு மொட்டு பறித்துக்கொண்டிருந்தார். அவள் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். உப்பு மிகக் குறைவு. கடினத்தன்மை மிகக் குறைவு. குடிக்கவும் சமைக்கவும் உகந்தது.

அந்த அம்மா மடியில் இருந்த மொட்டுகளைக் கூடையில் கொட்டினார்.

"சமைக்கவா?"

"ஆமாம்மா."

"நான் வாக்கப்பட்டு வந்த நாளா இந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பு வேகாது. ஒலைக்கு ரோட்டுப் பைப்புல போயித்தான் தூக்கிட்டு வாரேன். ஒம் பேப்பர்ல மட்டும் வெந்துருச்சாக்கும்?" மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "ஏடி, கேட்டீங்களா? நம்ம கிணறு இளநியா மாறிருச்சாம். நாளைக்கு ஆளுக்கொரு கொடத்தத் தூக்கிட்டு வாங்கடி."

ஒருத்தி சொன்னாள்: "எங்க வீட்டுப் பருப்பையும் கொண்டாரேன் மதினி. பொய்யி மேலயே வெந்துரும், வெறகு மிச்சம்."

அவர்கள் சிரித்து முடிக்கும்வரை அவள் தாளைக் கையில் பிடித்தபடி நின்றாள். எங்கள் பக்கத்து நிலத்தடித் தண்ணீர் எப்போதுமே சப்பென்று இருந்ததில்லை. அது அவளுக்கும் தெரியும். அந்தத் தாளை வாசித்தபோது எப்படித் தெரியாமல் போனது என்பதுதான் அவள் முகத்தில் இருந்தது.

வேலியோரமாகத் திரும்பி நடக்கும்போது கேட்டாள்: "அக்கா, அன்னைக்கு நீங்கதானே கூடப் போனீங்க?"

நடந்ததைச் சொன்னேன், குழாயில் பிடித்தது வரை. நின்றுவிட்டாள்.

"ஏன்கா எங்கிட்ட சொல்லல?"

"நமக்கு நல்லபடியாத்தானே வரும்னு இருந்துட்டேன்."

"நான் கேட்டது அந்தக் கிணத்தப் பத்தி."

ஆய்வுக்கூடத்துக்காரரைப் போனில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். அவர் மறுக்கவே இல்லை. மனம் புண்பட்டவராகப் பேசினார். "மேடம், ஒங்களுக்காகத்தானே செஞ்சேன்? எல்லாக் கம்பெனிக்கும் இப்படித்தான் செய்றது. இன்னைய வரைக்கும் ஒருத்தரும் கொறை சொன்னதில்ல. கெணத்துல எடுத்து ஏதாச்சும் வந்துருந்தா நீங்கதானே சங்கடப்படுவீங்க?" தான் செய்த உதவிக்கு நன்றி வராத ஆச்சரியம் அந்தக் குரலில் இருந்தது. காபி நன்றாக இருந்தது என்று என்னிடம் சொல்லச் சொன்னார்.

இரண்டாவது முறை அந்த அம்மாவே படியிறங்கினார். செருப்பையும் தவளையையும் கையால் ஒதுக்கிவிட்டு, இரண்டு கேனை ஆழத்தில் அமுக்கி நிரப்பினார். யாரிடமும் கொடுக்க மறுத்துவிட்டார். மதுரையில் வேறொரு ஆய்வுக்கூடம் பார்த்திருந்தோம். நானும் அவரும் பஸ்ஸில் போனோம். கேன்கள் அவர் மடியில்.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "என்னத்தா, சரக்கா?"

"ஆமாப்பு. ஒரு மடக்கு ஊத்தவா? வகுறு கலங்கிப் போயிரும்."

வழி முழுக்க என்னோடு பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "நீ பேப்பர்ல எழுதுனவளாமே" என்றார். ஆமாம் என்றேன். கேன்களைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அறிக்கை அவளுடைய மின்னஞ்சலுக்கு வந்தது. அவள் விரல் ஒரு வரியில் நின்றது. இந்த மண்ணின் வழக்கமான உப்பு மட்டும் இல்லை. சிரட்டைக் கரியைக் கழுவினால் எந்த உப்பு வருமோ அதுவும், நிறையவே. எழுந்து பாத்திக்குப் போனாள், நானும் பின்னால் போனேன். காய்ந்த பாத்தி ஒன்றின் மூலையில் உப்புப் பொருக்கைத் துடைப்பத்தால் தள்ளினாள். கறுப்பு பிளாஸ்டிக்கில் பிறைபிறையாக வெட்டுகள். எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். உப்பைச் சுரண்ட மரப்பலகைதான் கொடுத்திருந்தாள். "பலகையில சொரண்டுனா ஒரு நாளு போயிருது மேடம். மம்பட்டின்னா செத்த நேரத்துல முடிஞ்சிரும்" என்றார் அவர், இதில் என்ன இருக்கிறது என்பது போல. வயலில் வாய்க்கால் வெட்டிப் பழகிய கைகள் பாத்தியைப் பார்த்ததும் மண்வெட்டியை எடுத்திருக்கின்றன. அந்த மண்வெட்டிகள் சுவரில் சாய்ந்திருந்ததை நான் தினமும் பார்த்தேன். அவளும் பார்த்திருப்பாள். பிளாஸ்டிக் விரித்த பாத்தியில் மண்வெட்டிக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. சுத்தமான தொழில்நுட்பம் என்ற பெயர்ப்பலகை அதே சுவரின் மறுபக்கத்தில் இருந்தது.

அன்றே அவள் தோட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இரண்டு நாள் அந்தத் தாள் மேசை இழுப்பறையில் கிடந்தது. உலை ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு நாட்களில் கேட்டவை எல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன. பணம் போட்டவர்களில் ஒருவர் போனில் பொறுமையாகக் கேட்டார்: "முதல் ரிப்போர்ட்ல சீல், கையெழுத்து எல்லாம் இருக்குல்ல? அப்புறம் ரெண்டாவது எதுக்கு எடுத்தீங்க?" சூப்பர்வைசர், பாத்திமேல் நாலு வண்டி மண்ணைக் கொட்டிவிட்டால் விஷயம் முடிந்தது என்றார். கிணறு எப்போதும் உப்புதானே என்று கணக்குப் பார்ப்பவர் சொன்னார். யாரும் கெட்டவர்கள் மாதிரி பேசவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டே பேசினார்கள்.

நான் செய்தது அவர்கள் செய்ததைவிட மோசம். தோட்டக்கார அம்மாவுக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதினேன், யாரும் கேட்காமலேயே. "மறு ஆய்வில் சில அளவுகள் முந்தைய அறிக்கையிலிருந்து சற்று மாறுபட்டுக் காணப்படுவதாகத் தெரியவருகிறது. இது குறித்து உரிய கவனம் செலுத்தப்பட்டு வருகிறது." எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. செய்தித்தாளில் இருந்தபோது எத்தனையோ அலுவலகங்கள் எனக்கு அனுப்பிய மறுப்புக் கடிதங்களின் நடை அது. அவற்றைப் படித்துக் கசக்கி எறிந்தவள் நான்.

அவள் வாசித்தாள். "அக்கா, யாரு என்ன செஞ்சாங்கன்னு இதுல எங்க இருக்கு?"

தாளை என் பக்கம் தள்ளிவிட்டு உலைக்கூடத்துக்குப் போனாள். ஓடிக்கொண்டிருந்த சுற்றைப் பாதியில் நிறுத்தினாள். அப்படி நிறுத்தினால் உள்ளே இருக்கும் கரி எதற்கும் ஆகாது. அந்த மாதம் வாடிக்கையாளருக்குப் போக வேண்டியதும் அதுதான். வாடிக்கையாளருக்கு அவளே எழுதினாள், நான்கு வரி, என்னிடம் காட்டவில்லை. பிறகு இழுப்பறையைத் திறந்து அறிக்கையை எடுத்துக்கொண்டாள்.

தோட்டத்தில் அந்த அம்மா கருகிய செடிகளைப் பிடுங்கி வரப்பில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நின்றபடியே சொன்னாள். பாத்தி கிழிந்தது, எங்கள் ஆட்கள் கிழித்தது, தான் கவனிக்காமல் விட்டது, கிணற்றில் இருப்பது எங்கள் உப்பு.

அந்த அம்மா நிமிரவில்லை. "தாளு முந்தாநாளே வந்துருச்சுன்னு ஒங்க வாட்ச்மேன் சொன்னான். இன்னைக்கு வருவா, நாளைக்கு வருவான்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"மனசு வரலம்மா."

"எனக்கு மட்டும் செடியப் புடுங்க மனசு வந்துச்சா?" மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். "உலைய நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன்."

"அப்ப கிணத்த எறச்சுக் குடு. ஒன் உப்ப நீயே எடுத்துக்க."

அன்று மாலையிலிருந்து இறைக்கிறோம். தோட்டத்து மோட்டாரிலிருந்து வேலிக்கு அடியில் குழாய் விட்டு, புது பிளாஸ்டிக் விரித்த பாத்திகளில் விழுகிறது. பாத்திகள் எல்லாம் கிணற்றுத் தண்ணீரால் நிறைந்திருப்பதால், உலையை மூட்டினாலும் கழுவிய தண்ணீரை விட இடமில்லை. மரப்பலகையால் அவளே சுரண்டுகிறாள், சூப்பர்வைசர் ஓரமாக நின்று பார்க்கிறார். வாடிக்கையாளரிடமிருந்து பதில் வரவில்லை. பார்க்க வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள்.

வாரம் ஒரு முறை, ஊற்று ஊறியபின், அவள் உப்பு அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு படியிறங்குவாள். அந்த அம்மாவும் இறங்குவார். அவள் கருவியில் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அந்த அம்மா ஒரு கை அள்ளி வாயில் வைத்து, கொப்பளித்து, எங்கள் காம்பவுண்ட் இருக்கும் பக்கமாகப் பார்த்துத் துப்புவார்.

"இன்னுங் கரிக்குது. மோட்டாரப் போடு."