"பதினாலு முடிஞ்சிருச்சு சார்"

எனக்கு எழுபத்திரண்டு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேலே தெரியாது. நான் சொல்ல, பேத்தி எழுத, நீங்கள் வாராவாரம் இந்தப் பத்திரிகையில் படிக்கிறீர்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

தெரியாத கதை ஒன்று போன சனிக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது.

என் இரண்டாவது மகள் பொன்ராணி, காலேஜில் சமூகப்பணிப் பாடம் நடத்துகிற புரொபசர். (பெருமையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்!) அவள் கிளாஸில் ஒரு ரூல். அடுத்தவர் வீட்டில் போய்க் கேட்கப்போகிற கேள்விக்கு, முதலில் நீ எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும். சொல்லக் கூசுகிறதா? அப்படியானால் அந்தக் கேள்வியைக் கேட்க நீ இன்னும் படிக்கவில்லை. பையன்கள் அழுதிருக்கிறார்களாம். அழட்டும் என்பாள்.

ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசு வேலை செய்கிறவர்கள் வீடுகளுக்குப் போகுமுன், ஒத்திகைக்கு எட்டுப் பிள்ளைகளை இங்கே கூட்டி வந்தாள். "எங்க அம்மாகிட்டயே கேட்டுப் பழகுங்க. மேடத்தோட அம்மான்னு பயப்படாதீக."

கண்ணாடி போட்ட ஒரு பெண், ஃபாரத்தோடு என் எதிரே உட்கார்ந்தாள். பெயர், வயது... கடகடவென்று சொன்னேன்.

"சுகர் இருக்கா பாட்டி?"

"இருக்கு. எம்புட்டு வேணும்?"

ஒரே சிரிப்பு. அப்புறம் அது வந்தது.

"உங்க பிள்ளைக யாராச்சும் சின்ன வயசுல வேலைக்குப் போனாகளா?"

"இல்ல."

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. எங்கள் பக்கத்தில் பேப்பரும் பேனாவுமாக யார் வந்து கேட்டாலும் பதில் அதுதான்! அந்தப் பெண் டிக் போட்டாள்.

நிமிர்ந்தேன். நிலைப்படியில் பொன்ராணி.

எட்டு வயதில், விடியுமுன்னே அவளைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டவள் நான் – தீப்பெட்டி ஆபீஸில் (ஃபேக்டரிக்கு எங்கள் ஊர்ப் பெயர்) குச்சி அடுக்க. மூன்று வருஷம். அப்புறம் ஒரு டீச்சரம்மா வந்து கையோடு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். சோதனைக்கு வருகிற கவர்மென்ட் ஆபீசர் வயது கேட்டால் "பதினாலு முடிஞ்சிருச்சு சார்" என்று சொல்லப் பழக்கியதும் நான்தான். புரொபசருக்கு முதல் பாடம் நடத்தியது யாரென்று நினைத்தீர்கள்?

அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, திரும்பினாள். "மேடம், உங்க ரூல்தான்! நீங்க சொல்லுங்க. சின்ன வயசுல வேலைக்குப் போனீங்களா?"

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களுக்கு விளையாட்டு. எனக்கு இல்லை. அவள் போனேன் என்றால் அம்மா பொய்க்காரி. போகவில்லை என்றால்... அழுத பையன்கள் முன்னால் இவள் யார்?

பொன்ராணி என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மா சொன்னதையே எழுதிக்கோ."

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஏ புள்ள, அந்த டிக்கை அழி" என்றேன். "போனா. இந்தா நிக்கிறாளே, இவதான் போனா. நான்தான் அனுப்பினேன். எழுது."



"ஏன் பாட்டி..." என்று ஆரம்பித்த அந்தப் பெண், பாதியில் நிறுத்தினாள். பேனாவை மூடி மடியில் வைத்தாள். பொன்ராணி அந்த மூடிய பேனாவைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள். பிறகு வந்து, என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கேள்வி கேட்க யாருக்கும் வரும்... நிறுத்தத்தான் காலேஜ் தேவைப்படுகிறது போல!

இதை எழுதுகிற பேத்தி, பொன்ராணி பெற்ற மகள். அவளுக்கும் இந்தக் கதை இன்றைக்குத்தான் தெரியும். பேனா நின்று நின்று போகிறது.

ஏ புள்ள, உங்க அம்மா வேலைக்குப் போன வயசை எட்டுன்னுதானே எழுதியிருக்க? பாவம் பாத்து பத்துன்னு மாத்தலயே? எங்க... வாசி, கேப்போம்.