நெற்றி தரையில் பட வேண்டுமென்று

லஸ்ஹர் கதவுவரை நடந்துவிட்டார். திரும்பும்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களைப் பரிசோதிக்கும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

"கையை எடுத்துட்டு இன்னொரு தடவை நடங்க, லஸ்ஹர்."

"முடி வெட்டுறவன், டாக்டர். நாற்காலியப் புடிச்சுக்கிட்டு நின்னே பழகிப்போச்சு."

டாக்டர் சிரித்தார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

"இந்த இடுப்போட அந்தக் கூட்டத்துக்குள்ள உங்களை அனுப்ப மாட்டேன். தேஞ்சு ரொம்ப நாளாச்சே, ஏன் மாத்திக்கல?"

லஸ்ஹர் மனைவி ஹபீபாவைப் பார்த்தார். அவள் பரிசோதனையில் தேறிவிட்டதாகச் சற்றுமுன்தான் சொல்லியிருந்தார்கள். அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கடற்கரை ஊரான மஹ்தியாவில் மீன்சந்தைக்கு எதிரே அவருடைய கடை. வலி வந்த புதிதிலேயே இடுப்பு மூட்டை மாற்றிவிடலாம் என்று எலும்பு டாக்டர் சொன்னார். அந்த வாரம் பள்ளிவாசலில், நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறவர்களின் வரிசையிலிருந்த ஸாதோக் அவரைக் கூப்பிட்டு, "உலோகம் வெச்சிட்டா சஜ்தா கிடையாது, நெத்தி தரையில படாது. சாகிற வரைக்கும் இதுல என் பக்கத்துலதான்" என்றார். ஸாதோக் மாற்றிக்கொண்டது முழங்கால். லஸ்ஹர் அதை யோசிக்கவில்லை.

மக்காவில் ஒரு தடவை நெற்றி தரையில் படட்டும், அப்புறம் அறுக்கட்டும் என்று முடிவு செய்தார். ஒவ்வொரு வருடமும் ஹஜ் குலுக்கலுக்கு இருவர் பெயரையும் கொடுத்தார்கள். வரவில்லை. அதற்குள் அவரும் நாற்காலி வரிசைக்குப் போய்விட்டார்.

"இப்பவே நாற்காலியிலதான தொழுவுற. மாத்திக்கிட்டா என்ன கெட்டுப்போகும்?" என்று ஹபீபா ஒருமுறை கேட்டாள்.

"அங்க போனா வலிச்சாலும் குனிஞ்சிடுவேன்."

"உனக்கு சாக்ஸ் மாட்ட இங்க நான் குனியறேன். நீ மக்காவுல குனியப் போற."

இந்த வருடம் இருவர் பெயரும் வந்தன.

டாக்டரிடம் லஸ்ஹர் சஜ்தா விஷயத்தைச் சொன்னார்.

"யார் சொன்னது? இடுப்பு மாத்தினவங்க நிறையப் பேர் சில மாசத்துல பழகிக்கிறாங்க. உங்க எலும்பு டாக்டரையே கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். கேட்டு, முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

வாடகைக் காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

"நானும் போகல" என்றாள் ஹபீபா.

"உன் தம்பி முக்தாருக்கும் பேர் வந்திருக்குல்ல. அவனோட போ."

"அவன் குறட்டைக்கு ஹாஜிங்க எல்லாம் கூடாரத்தை விட்டு ஓடுவாங்க."

லஸ்ஹர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"தனியா பேர் குடுத்திருந்தா எப்பவோ போயிருப்பேன். உன்னோடதான் போகணும்னு இருந்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட."

கடல் தெரிகிற பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார். வீடு வரும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை ஹபீபா முக்தாரோடு தடுப்பூசி போட்டுக்கொள்ளப் போனாள். லஸ்ஹர் சாக்ஸ் இல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போனார். அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு தேதிகள் சொன்னார்கள். முந்திய தேதியில் ஹபீபா மக்காவில் இருப்பாள். அதையே எடுத்துக்கொண்டார். மதியம் பள்ளிவாசலில் ஸாதோக் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். லஸ்ஹர் உட்கார்ந்து தொழுதார். பிறகு கடையைத் திறந்தார்.