சார்ட்டக்காவின் இருபத்துநான்கு வாரங்கள்

பஸ் டிப்போவில் எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று டூட்டி சார்ட் போடுவது அவள் வேலை. அதனால் சார்ட்டக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த டிரைவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வயது முப்பத்தாறு. அகன்ற தோள், உரக்கப் பேசாத குரல். ஜன்னலுக்கு வெளியே லீவு கேட்டு நிற்கிறவர்களுக்கு எப்போதும் ஒரே பதில்தான்: "எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

கல்லூரி நாட்களில் குண்டு எறிதல் போட்டிகளில் கலந்துகொண்டவள். கல்யாணம், குழந்தை, வேலை என்று பத்து வருடம் இரும்புக் குண்டைத் தொடவே இல்லை. மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம், போக்குவரத்து ஊழியர்களின் ஆண்டு விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கேட்டுச் சுற்றறிக்கை வந்தது. யாரையும் கேட்காமல் தன் பெயரை எழுதிக் கொடுத்தாள். வீட்டில் சொன்னது மூன்று நாள் கழித்து.

அதன் பிறகு நான்கு வருடம் அவள் பயிற்சி செய்த விதத்தைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். காலையில் வேலைக்கு முன் ஒரு மணி நேரம் ஜிம். அதே தட்டுகள், அதே எடை, அதே எண்ணிக்கை. மாலையில் டிப்போவின் பின்புறம், ஓடாத பழைய வண்டிகளை நிறுத்தியிருக்கும் திடலில் குண்டு. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. போட்டி நெருங்க நெருங்க எல்லாம் இரட்டிப்பாகும். கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று கணவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. அதன் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். பொறுமை அவருக்குத் தொழில்.

பலன் என்னவோ சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதைதான். நான்காவது வருடம் போட்டிக்கு ஒரு மாதம் முன்பு திடலில் பத்து மீட்டர் பன்னிரண்டு எறிந்தாள். போட்டியன்று ஒன்பது அறுபத்தொன்று. ஐந்தாம் இடம். மறுநாள் தலை வாரிக்கொள்ளக் கை மேலே எழவில்லை. மகள் ஸ்டூலில் ஏறி நின்று வாரிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து மகளுக்குக் காய்ச்சல் வந்தது. சார்ட்டக்கா எட்டு நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தாள். மருந்து கொடுப்பதும் ஈரத்துணி போடுவதும் பக்கத்தில் படுத்துத் தூங்குவதும் தவிர வேறெதுவும் செய்யவில்லை. ஒன்பதாம் நாள் மாலை, எல்லாம் பாழாய்ப் போயிருக்கும் என்ற பயத்தோடு திடலுக்குப் போய்க் குண்டை எடுத்தாள். முதல் எறி பத்து மீட்டர் நாற்பத்துமூன்று.

டேப்பைத் தவறாகப் பிடித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். மூன்று முறை அளந்தாள். நாற்பத்துமூன்றுதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான்கு வருட நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எந்த நாள் எவ்வளவு தூக்கினோம், எவ்வளவு தூரம் போயிற்று என்று ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தாள். ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. நல்ல எறிகளை எல்லாம் சிவப்புப் பேனாவால் சுற்றினாள். ஒன்று, ஜிம்முக்கு வெள்ளையடிக்க ஐந்து நாள் மூடியிருந்த பிறகு. ஒன்று, வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்வந்த வாரம். இன்னொன்று, கால் சுளுக்கிப் படுத்து எழுந்த பிறகு. விழுந்து விழுந்து உழைத்த மாதங்களில் ஒரு வட்டம்கூட விழவில்லை.

நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு நாத்தனாரிடம் போனாள். கணவரின் தங்கை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் வேலை பார்ப்பவள். ஒரு கால்பந்துக் குழுவுக்கும் மாலையில் போய்வந்துகொண்டிருந்தாள். அவள் பக்கங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணி, ஒரு டிரைவருக்கு நாலு வருஷம் லீவே குடுக்காம டூட்டி போடுவீங்களா?"

"போட்டா வண்டிய எங்கயாவது கொண்டுபோய் இடிச்சிடுவான்."

"அதைத்தான் நீங்க செஞ்சிருக்கீங்க."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு விளக்கினாள். தூக்கும்போது உடம்பு தேய்கிறது. விட்ட பிறகுதான் தேறுகிறது, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக. எப்போதும் ஒரே வேலை கொடுத்தால் பழகிப்போய் நின்றுவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டாலும் எதையும் தராது. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வேண்டும்.

இருவரும் பழைய டூட்டி சார்ட்டின் பின்பக்கத்தில் இருபத்துநான்கு கட்டம் போட்டார்கள். கடைசிக் கட்டத்தில் போட்டித் தேதி. அங்கிருந்து பின்னோக்கி வந்தார்கள். முதல் எட்டு வாரம் குறைந்த எடை, நிறைய தடவை. உடம்புக்கு அடித்தளம். அடுத்த எட்டு வாரம் கனத்த எடை, நான்கைந்து தடவை மட்டும். பலம். பிறகு ஆறு வாரம் எடையைக் குறைத்து, இருக்கிற பலத்தை வேகமாக்குவது: தாவல், துள்ளல், வெடுக்கென்று தூக்குதல், முழு மூச்சில் எறிதல். கடைசி இரண்டு வாரம் பாதி வேலை, பிறகு அதிலும் பாதி. இதற்கு நடுவே ஒவ்வொரு நான்காவது வாரமும் ஓய்வு வாரம்.

எடை தூக்குவது அவளுக்குக் கஷ்டமாகவே இல்லை. தூக்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? முதல் ஓய்வு வாரத்தில், காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பையோடு ஜிம்முக்குப் போனாள். ஜிம்காரர் வாசலிலேயே மறித்தார். இந்த வாரம் உங்களை உள்ளே விடக் கூடாதென்று உங்கள் நாத்தனார் போன் செய்துவிட்டார் என்றார். வேறு வழியில்லாமல் நிஜமாகவே காய்கறி வாங்கிக்கொண்டு வந்தாள்.

பதினோராவது வாரம் மனம் ஆட்டம் கண்டது. கனத்த எடைகள் ஏறிக்கொண்டிருந்தன. எடையைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவதில் முன்பைவிடப் பதினைந்து கிலோ கூடியிருந்தது. ஆனால் குண்டு ஒன்பது முப்பதைத் தாண்டவில்லை. இருந்ததும் போயிற்றே என்று நாத்தனாருக்குப் போன் செய்து புலம்பினாள். இப்போது அப்படித்தான் இருக்கும், களைப்பு பலத்தை மூடியிருக்கிறது, டேப்பை எடுத்து என்னிடம் கொடுத்துவிடுங்கள் என்றாள் அவள். மறுநாளே வந்து வாங்கிக்கொண்டும் போனாள்.

இருபத்தோராவது வாரம் டேப் திரும்பி வந்தது. பத்து முப்பது. அடுத்த வாரம் பத்து ஐம்பத்தைந்து. கடைசி இரண்டு வாரங்களில் வேலை குறைந்தபோது கால்கள் இலேசாகிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டின. டிப்போவில் கோப்பு அலமாரியை நகர்த்த இரண்டு பேர் வேண்டுமென்றார்கள். அவள் தனியாகவே நகர்த்திவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டாள்.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது சுற்றறிக்கை வந்தது. தொடர்மழையில் மைதானத்தில் தண்ணீர் நிற்கிறது, போட்டி இருபத்திரண்டு நாள் தள்ளிவைக்கப்படுகிறது. மற்றவர்களுக்குச் சந்தோஷம். ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்த மெக்கானிக், இனிமேல்தான் ஓடவே ஆரம்பிக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். சார்ட்டக்கா அன்றைய சார்ட்டில் ஒரே வண்டிக்கு இரண்டு டிரைவர்களைப் போட்டுவைத்தாள். பதினோரு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

மாலையில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கணவரிடம் சொன்னாள்: "எல்லாருக்கும் இருபத்திரெண்டு நாள் கூடக் கிடைச்சிருக்கு. எனக்கு மட்டும் ஆறு மாசம் போயிடுச்சு."

அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "போட்டியத்தானே தள்ளி வெச்சாங்க. அன்னைக்கு எறியக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

அப்படியே செய்தார்கள். போட்டி நடந்திருக்க வேண்டிய நாளன்று கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவர் வந்தார். நாத்தனாரும் வந்தாள். பழைய வண்டிகளுக்கு நடுவே தண்ணீர் தேங்காத மேட்டில் சாக்பீஸ் பொடியால் வட்டம் போட்டார்கள். ஆறு எறி. நான்காவது, பத்து எண்பத்தொன்று. கணவர் டேப்பின் நுனியைப் பிடித்தபடி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கோட்டை இரண்டு முறை பார்த்தார். தொழில் பழக்கம். "எண்பத்தொண்ணுதான், ஒரு நூல் கூடவே இருக்கும்" என்றார். அதை எந்தப் பட்டியலிலும் யாரும் சேர்க்கப் போவதில்லை. ஆனாலும் அவளுக்கு அன்று பசி எடுத்தது. நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

சாப்பாட்டு மேசையிலேயே அண்ணியும் நாத்தனாரும் வாக்குவாதத்தில் இறங்கினார்கள். கிடைத்ததைக் காப்பாற்றிக்கொண்டு மூன்று வாரமும் ஓய்வாகவே இருந்துவிடலாம் என்பது சார்ட்டக்காவின் கட்சி. ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்திருக்காது. ஏற்கெனவே இரண்டு வாரம் ஓய்வாகிவிட்டது, இன்னும் மூன்று போனால் பலம் வடிந்துவிடும் என்றாள் நாத்தனார். கடைசியில் சின்னதாக இன்னொரு சுற்று என்று முடிவாயிற்று. முதல் வாரம் மறுபடி கனத்த எடை, ஆனால் பாதி எண்ணிக்கை. இரண்டாம் வாரம் வேகம். மூன்றாம் வாரம் ஓய்வு. சார்ட்டில் இடம் இல்லாததால் ஓரத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி மூன்று கட்டம் போட்டார்கள்.

போட்டியன்று முதல் எறியில் கால் கோட்டைத் தொட்டுவிட்டது. செல்லாது என்று சிவப்புக் கொடி. இரண்டாவது பத்து ஐம்பத்தெட்டு. மூன்றாவது பத்து தொண்ணூற்று நான்கு. அதன் பிறகு ஒரு பெஞ்சில் போய்த் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் வேறொரு டிப்போவின் பெண்கள் எறிகளுக்கு நடுவே தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது முறை வட்டத்துக்குள் நின்றபோது எதையும் யோசிக்கவில்லை என்று பின்னால் சொன்னாள். பதினொரு மீட்டர் எட்டு சென்டிமீட்டர்.

இரண்டாம் இடம். முதலிடம் மின்பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு, பதினொன்று ஐம்பத்திரண்டு. சார்ட்டக்கா போய்க் கைகுலுக்கினாள். வருத்தமா என்று மகள் பஸ்ஸில் கேட்டபோது, கொஞ்சம் என்றாள். பிறகு ஜன்னலோரம் சாய்ந்து, இறங்குமிடம் வரும்வரை தூங்கினாள்.

அதற்கடுத்த இரண்டு வாரமும் நடைதான், வேறெதுவும் இல்லை. மூன்றாவது திங்கட்கிழமை காலை விளையாட்டுச் செயலாளரின் மேசைக்குப் போய், அடுத்த வருடப் போட்டி எந்தத் தேதி என்று கேட்டாள்.

"இந்த வருஷ கப்பையே இன்னும் பெட்டியிலேர்ந்து எடுக்கலம்மா," என்றார் அவர். "இப்பவே தேதி கேட்டா நான் எங்க போறது?"

"உத்தேசமாச் சொல்லுங்க சார். மாசம் தெரிஞ்சாப் போதும்."

அவர் காலண்டரைப் புரட்டி ஒரு மாதத்தைச் சொன்னார். உத்தேசம்தான், மாறினாலும் மாறும், என்னைக் கேட்கக் கூடாது என்றும் சொன்னார். மாறினால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, லீவுக்கு எழுதிக் கொடுத்த நான்கு பேர் காத்திருந்த தன் ஜன்னலுக்குப் போனாள்.