எண்ணாத மூச்சு

“எத்தனைன்னு சொன்னே?”

“பதினெட்டுக்கா.”

“எண்ணினியா?”

“எண்ணினேன்க்கா.”

கட்டிலில் படுத்திருந்த அக்கா சிரித்தார். கிண்டலாக இல்லை. பழகிப்போன சிரிப்பு.

இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. நடந்தது பட்டப்பகலில், நர்ஸ் உரிமத் தேர்வுக்குத் தயார் செய்யும் ஒரு பயிற்சி மையத்தில். நடந்தது சிட்டுவுக்கு. எப்போதும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பறப்பாள் என்று வகுப்பில் வைத்த பெயர் அது. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். இந்த முறையும் தவறினால் கிடைத்த வேலை போய்விடும். வீட்டில் அண்ணன் முகத்தில் விழிக்க முடியாது.

அன்று செய்முறைப் பயிற்சி. நோயாளியாக நடிக்க ஓர் அக்கா வருவார் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சிட்டு அறைக்குள் போனபோது அவர் போர்வை போர்த்திப் படுத்திருந்தார்.

மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். யார் எண்ணுகிறார்கள்? மார்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பதினெட்டு என்று எழுதிவிடுவார்கள். நல்ல எண். யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

இந்த அக்கா கேட்டார்.

“சரி. நாடி?”

சிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. ஏசி என்று நினைத்துக்கொண்டாள். நாடி கிடைக்கவில்லை... கிடைக்கவில்லை என்று சொல்ல வெட்கம்.

“எழுபத்தாறு.”

“ஆக்சிஜன்?”

விரலில் மாட்டிய கருவியில் வெறும் கோடுகள். பேட்டரி தீர்ந்திருக்கும்.

“தொண்ணூத்தெட்டு.”

“அப்போ நான் ஜம்முனு இருக்கேன்.”

சிட்டுவுக்குக் காது சுட்டது. மூன்றும் பொய். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் அவள் நிஜமாகப் பார்த்தாள்.

போர்வை எழவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் முள் ஒரு சுற்று வந்தது.

எழவில்லை...

“இப்ப எத்தனைம்மா?”

உதடுகள் அசைந்தன. போர்வை அப்போதும் அசையவில்லை.

ஓடினாள்.

வராந்தாவில் பயிற்சி தரும் மேடம் நின்றிருந்தார்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்றே?”

“உள்ள... அந்த அக்கா...”

“எந்த அக்கா? உள்ள பயிற்சிக்கு வெச்ச பொம்மைதானே கெடக்கு.” மேடம் குரலைத் தாழ்த்தினார். “நடிக்க வர்றவங்க போன வாரம் தவறிட்டாங்க. பரீட்சை நேரம்னு உங்ககிட்ட சொல்லல.”

“எப்படி மேடம்?”

“மூச்சுத்திணறல். ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. வந்த நர்ஸுங்க எல்லாரும் மூச்சு நார்மல்னே சொல்லியிருக்காங்க. எத்தனைன்னு சொன்னாங்க தெரியுமா...”

வேண்டாம் என்று சிட்டு தலையாட்டினாள்.

“சரி, விடு. எல்லாம் ஒழுங்கா எண்ணிப் பாத்தேல்ல? உன் பேரைத் தேர்வுக்கு அனுப்பிடவா?”

சிட்டுவால் தலை நிமிர முடியவில்லை. பாதி திறந்திருந்த கதவுக்குப் பின்னால் இருந்து, மெதுவாக, கோபமே இல்லாமல்...

“ஒரு நிமிஷம் உக்காந்து எண்ணிட்டுப் போம்மா.”